முதல் நாள் மாதிரி யார் கையில்? கடல் மாசு, மீன் நோய் அவசரங்களுக்கான அறிவியல் உதவி குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறைச் செயலாளர் அவர்கள், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறைச் செயலாளர் அவர்கள், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் அவர்கள்.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

ஒரே மடலை மூன்று அலுவலகங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு விடியற்காலையில் மடவை மீன்கள் கூட்டம் கூட்டமாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தால், அதை முதலில் காணும் மீனவர் யாரிடம் சொல்வது என்று குழம்பித்தான் நிற்கிறார். செத்தது மீன் என்பதால் மீன்வளத்துறையிடம் சொல்லலாம். கெட்டது நீர் என்பதால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சொல்லலாம். யாரிடம் சொன்னாலும் அங்கிருந்து மற்றோர் அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்து அனுப்புவது எளிது. இதற்கிடையில் உண்மையான கேள்வி அப்படியே கிடக்கிறது: அந்த மீன்கள் எதனால் செத்தன? எண்ணெயா, அம்மோனியாவா, அனல்மின் நிலைய வெந்நீரா, இரவில் ஆக்சிஜன் தீர்ந்துபோனதா, பாசிப் பெருக்கமா, வைரஸா, பாக்டீரியாவா என்பதைக் கரையில் நின்று பார்வையால் சொல்லிவிடக்கூடிய அறிஞர் எவரும் இல்லை. கடல் மாசும் நீர்வாழ் உயிரின நோயும் உங்கள் கோப்புகளில் இரண்டாக இருக்கலாம். படகிலிருந்து பார்ப்பவருக்கு முதல் நாளில் அவை ஒன்றேதான். அவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டியது அந்த முதல் சில மணி நேரத்தில் எடுக்கப்படும் மாதிரிகள். அந்த மாதிரிகளை எடுப்பது யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள் என்பதுதான் இம்மடலின் வேண்டுகோள்.

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன், வடசென்னைவாசி. மாதிரி எடுப்பதைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு ஒரு தவற்றின் வழியாக வந்தது. 2017 ஜனவரி 28 அதிகாலையில், காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றே முதல் அறிவிப்பு வந்தது. அடுத்தடுத்த நாட்களில் எர்ணாவூர்க் கற்களின் இடுக்குகளில் கரிய கூழ் வந்து அடைந்தபோது, அதை வாளியால் அள்ளியவர்களில் மீனவர்களும், கடலோரக் காவல்படையினரும், கல்லூரி மாணவர்களும் இருந்தனர். சொற்ப அளவு என்று தொடக்கத்தில் பேசப்பட்ட கசிவு, பின்னர் ஏறத்தாழ 200 டன் என்ற கணக்கில் வந்து நின்றது. நானும் என் மாணவர்கள் சிலரும் ஆர்வத்தோடு அந்த எண்ணெயையும், கரையோர நீரையும், செத்த நண்டுகளையும் சேகரித்தோம். கையில் இருந்தவை குடிநீர் பாட்டில்கள். அவற்றை இரண்டு நாள் கழித்து ஓர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனபோது வாங்க மறுத்துவிட்டார்கள். மறுத்தது சரியே. பிளாஸ்டிக்கின் சுவர் எண்ணெயின் ஹைட்ரோகார்பன்களைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். தன்னிடமுள்ள வேதிப்பொருளை நீருக்குள் விடவும் செய்யும். நண்டுகள் அழுகியிருந்தன. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எடுத்தோம் என்பது மூன்று பாட்டில்களில் எழுதப்படவே இல்லை. பட்டம் பெற்ற நாங்களே அப்படிச் செய்தோம் என்றால், ஒன்றும் சொல்லித்தரப்படாத மீனவரிடம் எதை எதிர்பார்ப்பது?

சரியாகச் செய்வது கடினமானதும் இல்லை, அதிகச் செலவுடையதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒவ்வொரு பாத்திரம் வேண்டும். எண்ணெய்க்கு, கரைப்பானால் கழுவிய பழுப்புக் கண்ணாடிக் குப்பி. மீன் தசையில் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு, அலுமினியத் தாளில் சுற்றி உறையவைத்த மீன். கரைந்த ஆக்சிஜனைக் கருவியால் அந்த இடத்திலேயே அளக்க வேண்டும், அல்லது விங்க்ளர் முறையில் படகிலேயே வேதிப்பொருள் சேர்த்து நிலைப்படுத்த வேண்டும்; ஆய்வகம் போய்ச் சேரும்வரை காத்திருந்தால் அளப்பது வேறொரு நீரை. அம்மோனியாவுக்கான நீர் பனிக்கட்டியில் போக வேண்டும். அத்துடன் நீரின் கார அமிலத்தன்மையும் வெப்பநிலையும் அங்கேயே குறிக்கப்பட வேண்டும், ஏனெனில் அம்மோனியாவின் நஞ்சு அதன் மொத்த அளவைவிட இவ்விரண்டையும் சார்ந்தே கூடுகிறது, குறைகிறது. பாசி என்ற ஐயம் இருந்தால், அது சிதையாமல் இருக்க நீரில் லூகால் அயோடின் சில சொட்டு. வைரஸ் ஐயத்துக்கு எத்தனாலில் இட்ட செவுள் அல்லது கால் துண்டு, பி.சி.ஆர். சோதனைக்காக, திசுவைப் பார்க்க வேண்டுமென்றால் அதைக் கெடாமல் பதப்படுத்தும் டேவிட்சன் கரைசலில் இட்ட உறுப்பு. இவற்றுள் கடைசி இரண்டுக்கும் வேண்டியது செத்து மிதக்கும் மீன் அன்று, சாகும் தறுவாயில் துடிக்கும் மீன். நம் ஊர் வெயிலில் செத்த மீனின் உள்ளுறுப்பு சில மணி நேரத்துக்கு மேல் எதற்கும் சாட்சி சொல்லாது. பிற்பகலில் வந்து சேரும் ஆய்வுக் குழு, எத்தனை பெரிய அறிஞர்களைக் கொண்டிருந்தாலும், காலையில் இருந்த மீனை ஆராய முடியாது.

இரண்டாவது முறை 2023 டிசம்பரில் வந்தது. மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கி, கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தை நிறைத்து, முகத்துவாரம் கடந்து கடலுக்கும் போயிற்று. காட்டுக்குப்பம் முதல் நெட்டுக்குப்பம் வரை வீட்டுச் சுவரிலும், படகிலும், வலையிலும், அலையாத்தி மரங்களின் வேரிலும் அந்தப் படிவு ஒட்டியது. எண்ணெய் பூசிய கூழைக்கடாக்களின் படங்களை நாடே பார்த்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. மிதவைத் தடுப்புகளும் உறிஞ்சும் கருவிகளும் வந்து சேர்வதற்குள் நாட்கள் கடந்துவிட்டன என்பது எல்லாரும் அறிந்த குறை. நான் சொல்ல வருவது அதிகம் பேசப்படாத மற்றொன்றை. 2017-க்கும் 2023-க்கும் இடையில் ஆறு ஆண்டுகள் கிடைத்தன. கழிமுகத்தின் வண்டலிலும், மட்டியிலும், இறாலிலும் சாதாரண நாளில் எவ்வளவு எண்ணெய்ச் சேர்மம் இருக்கிறது என்பதை அந்த ஆறு ஆண்டுகளில் குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட மாதங்களில், ஒரே முறையில் அளந்து, எவரும் பார்க்கக்கூடிய ஒரு பதிவேட்டில் எழுதி வந்திருந்தால், டிசம்பரில் அளந்ததை எதனோடு ஒப்பிடுவது என்ற வாதத்துக்கே இடமிருந்திருக்காது. ஆலைகள் சூழ்ந்த நீர்நிலையில் எந்தச் சேதத்துக்கும் ‘முன்பே அப்படித்தான் இருந்தது’ என்ற பதில் தயாராக இருக்கும். அதைப் பொய் என்று மெய்ப்பிக்கவும், உண்மையாக இருந்தால் ஒப்புக்கொள்ளவும் முந்தைய கணக்கு வேண்டும்.

அந்த மாதம் அதோடு முடியவில்லை. டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தின் அருகே உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி மக்கள் இருட்டில் ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மூன்றே வாரத்தில் ஒரே கரையில் இரண்டு வேறு நஞ்சுகள். அடுத்த சில வாரங்களில் அங்கே ஒரு மீன் செத்து ஒதுங்கினால் அதன் சாவை எந்தக் கணக்கில் எழுதுவது? எண்ணெய் கரையிலும் வண்டலிலும் மாதக்கணக்கில் தங்கும். அம்மோனியாவோ நீரில் கலந்து, காற்றில் பறந்து, நுண்ணுயிரிகளால் மாற்றப்பட்டு, விரைவில் தடயமின்றிப் போய்விடும். முதலாவதைத் தாமதமாக வந்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். இரண்டாவதைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

வெளிநாட்டு உதாரணம் காட்டினால் ‘அவர்களிடம் எல்லாம் இருக்கிறது’ என்று சொல்லப்படும் என்பதால், எல்லாம் இருந்தும் தடுமாறிய ஒன்றையே காட்டுகிறேன். 2021 அக்டோபர் முதல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், டீஸ் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊர்களில், நண்டுகளும் சிங்கி இறால்களும் பெருமளவில் செத்தும் துடித்தும் கரை ஒதுங்கின. அந்த நாட்டில் கடல் மாசையும் மீன் நோயையும் ஒரே அரசு அறிவியல் நிறுவனமே கவனிக்கிறது. லோஸ்டாஃப்டில் ஓர் ஆய்வகம், வேமவுத்தில் ஓர் ஆய்வகம், அவசரத்துக்கு அழைக்க ஆள். அப்படியிருந்தும் அரசுத் தரப்பு முதலில் பாசிப் பெருக்கமே காரணமாக இருக்கலாம் என்றது. மீனவர்களின் செலவில் ஆராய்ந்தவர்கள், தூர்வாரலில் கிளம்பிய பிரிடின் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் என்றார்கள். நாடாளுமன்றக் குழுவரை சென்ற பிறகு, 2023 ஜனவரியில் தனி அறிஞர் குழு ஒன்று, இதுவரை அறியப்படாத ஒரு நோய்க்கிருமியே மற்றக் காரணங்களைவிடக் கூடுதல் பொருத்தமுடையது என்றும், அதற்கும் நேரடிச் சான்று இல்லை என்றும் எழுதியது. மீனவர்கள் அதை நம்பவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் தயங்கியிருப்பேன். நல்ல ஆய்வகம் இருந்தால் மட்டும் போதாது, முதல் வாரத்தில் எல்லாக் காரணங்களுக்கும் சேர்த்து மாதிரி எடுத்துப் பாதுகாத்திருக்க வேண்டும் என்பதையும், ஒரே காரணத்தை அவசரமாகச் சொல்லிப் பின்னர் மாற்றுவது எத்தனை சேதம் செய்யும் என்பதையும் அந்தக் கரையில் பார்க்கலாம்.

மாசும் நோயும் பின்னிக்கொள்ளும் என்பதற்கு இன்னொரு பழைய வழக்கு உண்டு. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதியது. நான்கு ஆண்டு கழித்து, 1993-இல், அந்தக் குடாவின் ஹெர்ரிங் மீன் கூட்டம் சரிந்தது. மீன்களில் வைரஸ் நோய் கண்டறியப்பட்டது. எண்ணெய் அவற்றின் எதிர்ப்பாற்றலைக் குலைத்ததா, நோய் தன் வழியில் வந்ததா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. அங்கே ஏராளமான பணமும் ஆய்வும் கொட்டப்பட்டும் நிலைமை இதுவென்றால், மாசு கண்காணிப்பை ஒரு துறையும் மீன் நோய்க் கண்காணிப்பை மற்றொரு துறையும் ஒன்றின் முடிவை மற்றது பார்க்காமல் வைத்துக்கொள்வதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

நோய் பற்றி நம் கடற்கரைக்குச் சொந்தப் பாடமே இருக்கிறது. 1994 வாக்கில் வெள்ளைப்புள்ளி வைரஸ் இந்தியாவின் கிழக்குக் கரை இறால் பண்ணைகளுக்குள் வந்தது. நோய் தெரிந்த மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் ஒரு குளத்து டைகர் இறால் முழுவதையும் அது முடித்துவிடும். அன்று பண்ணையாளர்கள் செய்தது என்ன? மிச்சத்தையாவது காப்பாற்ற அவசரமாக அறுவடை செய்து, குளத்து நீரை அப்படியே கழிவெளியில், அதாவது உப்பங்கழியில், திறந்துவிட்டார்கள். அடுத்த பண்ணை அதே கழிவெளியிலிருந்து நீர் இறைத்தது. கடல் கடந்து இலங்கையின் புத்தளம், சிலாபம் பகுதிப் பண்ணைகளையும் 1996-இல் அதே நோய் சாய்த்தது. இன்று டைகர் இறால் இருந்த குளங்களில் வன்னாமி என்ற வேறோர் இன இறால் இருக்கிறது. நோய் நீக்கிய தாய் இறால், நண்டு வேலி, பறவை வலை, பி.சி.ஆர். பார்த்த குஞ்சு என்று பண்ணையாளர் கற்றுக்கொண்டவை அதிகம். 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையமும், 2013 முதல் தேசிய அளவில் நீர்வாழ் விலங்கு நோய்க் கண்காணிப்புத் திட்டமும் வந்துள்ளன.

இருந்தாலும் குளத்தில் இறால் கரையோரம் ஒதுங்கத் தொடங்கியதும், பண்ணையாளர் முதலில் அழைப்பது அரசு அலுவலரை அன்று. தீவனமும் மருந்தும் விற்கும் கடைக்காரரைத்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அரசிடம் சொன்னால் குளம் மூடப்படும், வியாபாரி விலையைப் பாதியாக்குவார், பதிவு செய்யாத பண்ணையாக இருந்தால் வழக்கும் வரும். சொல்லாவிட்டால் இரவோடிரவாக இறாலைப் பிடித்து விற்றுவிடலாம். சொல்பவருக்கு இழப்பும் மறைப்பவருக்கு லாபமும் இருக்கும்வரை எந்தச் செயலியிலும் நோய்த் தகவல் உரிய நேரத்தில் ஏறாது. ஆகவே நோயைத் தெரிவித்த பண்ணையாளருக்கு, மடையை அடைத்து, பிளீச்சிங் பவுடர் இட்டுக் கிருமியைக் கொன்ற பின்பே நீரை வெளியேற்றும் செலவை அரசு ஏற்கட்டும். பதிவின்மையைக் காரணமாக்கி அந்தத் தகவலையே அவருக்கு எதிரான சாட்சியாக்கக் கூடாது என்று ஆணை வரட்டும். இது கருணைக்காகக் கேட்பது அன்று. மறைத்த ஒரு குளத்தின் நீர் பத்துக் குளங்களைக் கொல்கிறது, கழிவெளியின் இயற்கை இறாலுக்கும் நண்டுக்கும் போகிறது. அந்த நண்டைப் பிடித்துப் பிழைப்பவருக்குப் பண்ணையும் இல்லை, காப்பீடும் இல்லை.

பாம்பன் பக்கம் நடப்பதையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகி மீன்கள் செத்தபோது, அங்குள்ள மீனவர்கள் அதைப் ‘பூங்கோரை’ என்று உடனே பெயர் சொல்லி அடையாளம் கண்டார்கள். மண்டபம் ஆய்வு நிலையம் அது நாக்டிலூகா என்ற நுண்ணுயிரின் பெருக்கம் என்று நுண்ணோக்கியில் உறுதி செய்தது. அங்கே ஆய்வகம் பக்கத்தில் இருந்தது, மீனவருக்கும் ஆய்வாளருக்கும் பழக்கம் இருந்தது, குழப்பம் விரைவில் தீர்ந்தது.

ஆய்வகங்களுக்கு இங்கே பஞ்சம் இல்லை என்பதால்தான் ஆதங்கம் கூடுகிறது. உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆய்வு மையமும் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கின்றன. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் உயராய்வு மையம், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், மேல்விஷாரத்தில் நன்னீர் இறாலின் வெண்வால் நோய்க்கு உலக அளவில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம். எண்ணெய் எந்தத் திசையில் நகரும் என்பதைக் கணித்துச் சொல்லும் அமைப்பை ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையமான இன்கோயிஸ் நடத்துகிறது; 2017-இலும் அது கணித்துக் கொடுத்தது. தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டத்தின்படி கடலில் கடலோரக் காவல்படை பொறுப்பு, கரைக்கு மாநில அரசு பொறுப்பு. ஆவணமும் உண்டு, ஆளும் உண்டு. காலை ஐந்து மணிக்கு ஒலிக்கும் தொலைபேசியை எடுத்து, ‘எட்டு மணிக்குள் இந்த இடத்தில் இந்தக் குப்பிகளோடு இவர் இருப்பார், இந்த ஆய்வகம் இன்று மாலைக்குள் இவற்றை வாங்கிக்கொள்ளும்’ என்று கட்டளையிடும் அதிகாரம் பெற்ற ஒருவர் மட்டும் இல்லை. கடலோர மாவட்டங்கள் பதினான்குக்கும் சேர்த்து, ஆண்டு முழுவதும் முறை வைத்து அந்தப் பணியில் ஒரு விஞ்ஞானி இருக்க வேண்டும். அவர் மாசுக்கும் நோய்க்கும் பொதுவானவராக இருக்க வேண்டும். எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கட்டும். அந்த நாளில் அவர் சொல்வதே மூன்று அலுவலகங்களுக்கும் கட்டளையாக இருக்க வேண்டும். நிகழ்வு முடிந்த பின் உயர்மட்டக் குழு அமைக்கும் அரசாணையை எழுதுவதற்கு ஆகும் நேரத்தில், நிகழ்வுக்கு முன்பே இந்த முறைப்பட்டியலை எழுதிவிடலாம்.

அந்தப் பணியில் இருப்பவர் கையில் எண்ணெய்களின் கைரேகைப் பதிவும் இருக்க வேண்டும். கச்சா எண்ணெயிலும் கப்பல் எரிபொருளிலும் ஹோபேன், ஸ்டெரேன் என்ற சேர்மங்கள் ஒவ்வொரு மூலத்துக்கும் ஒவ்வொரு விகிதத்தில் இருக்கின்றன; வெயிலும் அலையும் மற்றவற்றைச் சிதைத்த பின்னும் அவை எளிதில் அழிவதில்லை. காமராசர் துறைமுகத்திலும், சென்னைத் துறைமுகத்திலும், மணலியிலும், தூத்துக்குடியிலும் கையாளப்படும் எண்ணெய்களின் மாதிரியை ஆண்டுதோறும் வாங்கி முத்திரையிட்டு வைத்திருந்தால், கரையில் ஒட்டியது எவருடையது என்பதைச் சில நாட்களில் சொல்லலாம். கழிவு வெள்ளத்தோடு வந்தது, எங்கிருந்தோ வந்தது, யார் கண்டார் என்ற பேச்சு எடுபடாது. மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்ற கையெழுத்துத் தொடரும் அவ்வளவே முக்கியம். அது அறுந்தால் நல்ல முடிவுகூட வழக்கில் நிற்காது.

வழக்கைப் பற்றிப் பேசுவது வீண் கவலை இல்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து, ஜூன் 2 அன்று மூழ்கியது; நைட்ரிக் அமிலம் 25 டன், பிளாஸ்டிக் குருணை ஏறத்தாழ 1,680 டன் அதில் இருந்தன. ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு கட்ட உத்தரவிட்டது 2025 ஜூலையில். இடையில் நான்கு ஆண்டுகள். அதே 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. 640 பெட்டகங்கள், அவற்றுள் 13 அபாயச் சரக்கு, 12-இல் கால்சியம் கார்பைடு. அதிலிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரைக்கும், பின்னர் தனுஷ்கோடி மணலுக்கும் வந்தன. கேரளம் 9,531 கோடி ரூபாய் கோரி நீதிமன்றம் போயிற்று. நம் கரையில் ஒதுங்கிய குருணை எவ்வளவு, எந்தெந்த ஊரில், எந்தெந்தத் தேதியில், அதற்கு முன் அங்கே ஒரு சதுர மீட்டர் மணலில் எத்தனை குருணை இருந்தன என்று எண்ணிக் காட்டக்கூடிய அரசுக்கே கோரிக்கை வைக்கும் பலம் இருக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையைப் பின்பற்றச் சொல்கிறது. சேதத்தை அளந்து வைக்கும் வேலை நம்முடையது.

மீனவருக்கு இவை எல்லாவற்றையும்விட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: இந்த மீனைத் தின்னலாமா, விற்கலாமா? கசிவுச் செய்தி வந்த மறுநாளே காசிமேட்டில் விலை விழுகிறது. எண்ணெய் படாத ஆழ்கடல் மீனுக்கும் சேர்த்தே விழுகிறது. அப்போது யாரேனும் ஒருவர் கேமரா முன் மீன் சாப்பிட்டுக் காட்டுவதால் எவருக்கும் பயம் தெளியாது. அறிவியல் இதில் தெளிவாக இருக்கிறது. மீனின் கல்லீரல், எண்ணெயிலுள்ள பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்களை விரைவாக உருமாற்றிப் பித்தத்தில் தள்ளிவிடும். மட்டிக்கும் சிப்பிக்கும் அந்தத் திறன் மிகக் குறைவு, அவற்றில் அது நெடுநாள் தங்கும். 1996 பிப்ரவரியில் வேல்ஸ் கரையில் ஸீ எம்ப்ரஸ் கப்பலிலிருந்து சுமார் 72,000 டன் கச்சா எண்ணெய் கொட்டியபோது, அங்கே சட்டப்படி மீன்பிடித் தடை விதித்து, ஒவ்வோர் இனமாகச் சோதித்து, படிப்படியாகத் தடையை நீக்கினார்கள். துடுப்பு மீன்கள் முன்னே விடுபட்டன, மட்டி வகைகளுக்கான கடைசித் தடை நீங்கியது அடுத்த ஆண்டு. எங்கே தடை, எந்த இனத்துக்குத் தடை, எந்த அளவுக்குக் கீழே வந்தால் தடை நீங்கும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தால், தடை நீளும் நாட்களுக்கு உதவித்தொகை தானாகச் சேரும் என்றும் அதே ஆணையில் எழுதலாம். எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிப்பவருக்குப் படகு இல்லை, பதிவும் பல நேரம் இல்லை. படகுக் கணக்கை வைத்து மட்டும் உதவி வகுத்தால் அவர் விடுபட்டுப்போவார் என்பதையும் அந்த ஆணை நினைவில் கொள்ளட்டும்.

எண்ணெய் அள்ளியவர்களின் உடல்நிலையை எவர் பின்தொடர்கிறார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 2023-இல் குவளையும் வாளியுமாக, தொடக்க நாட்களில் உரிய கையுறையும் முகமூடியும் இன்றி இறங்கியவர்கள் அந்தக் கிராமங்களின் இளைஞர்களே. எண்ணெயின் ஆவியில் பென்சீன் இருக்கும். தோலில் படுவதும் நல்லதன்று. அவர்கள் பெயர், வேலை செய்த நாட்கள், பின்னர் வந்த உபாதைகள் ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பதிவேட்டில் எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பதுகூட அறிவியல் உதவியின் பகுதிதான்.

சோதனை முடிவுகளைத் தமிழில் உடனுக்குடன் வெளியிடுங்கள். இந்த இடம், இந்தத் தேதி, இந்த அளவு, அனுமதிக்கப்பட்ட வரம்பு இவ்வளவு என்று மீன் ஏலக் கூடத்தின் கரும்பலகையில் எழுதப்படும் நான்கு வரி, தீர்ப்பாயத்தில் தாக்கலாகும் நானூறு பக்க ஆங்கில அறிக்கையைவிட அந்த ஊரில் அதிகம் வாசிக்கப்படும். காரணம் தெரியாத நாளில், காரணம் இன்னும் தெரியவில்லை, இன்னின்ன மாதிரிகள் ஆய்வகத்தில் இருக்கின்றன, இன்ன நாளில் முடிவு வரும் என்றே எழுதுங்கள். மீனவர்கள் நிச்சயமின்மையோடு வாழப் பழகியவர்கள். முந்திக்கொண்டு சொல்லிப் பின்னர் மாற்றிப் பேசுவதைத்தான் அவர்களால் மன்னிக்க முடிவதில்லை.

உங்களிடம் இப்போது கேட்பது பெரிய நிதி ஒதுக்கீட்டை அன்று. வரும் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரே ஒரு நாள் ஒத்திகை நடத்துங்கள். முன்னறிவிப்பில்லாமல் ஒரு விடியற்காலை, ‘மீன் செத்து மிதக்கிறது’ என்று ஒரு மீனவர் அழைக்கட்டும். அழைப்பை எடுப்பவர் யார், படகு எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, கண்ணாடிக் குப்பிகள் எங்கே இருக்கின்றன, எத்தனாலும் பனிக்கட்டியும் வந்தனவா, எந்த ஆய்வகத்தின் கதவு எத்தனை மணிக்குத் திறந்தது என்பதைக் கடிகாரத்தை வைத்துக் குறித்து, அந்தக் குறிப்பை மறைக்காமல் வெளியிடுங்கள். அழைப்பதற்குக் காட்டுக்குப்பத்தில் ஆள் இருக்கிறார்கள். மாதிரி எடுக்கக் கற்றுக்கொள்ள என் பழைய மாணவர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறார்கள்; இந்த முறை குடிநீர் பாட்டில்களோடு வரமாட்டோம்.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்